பிழைப்பதிவேடும் இரகசியமும்: பக்சில்லாவின் பாதுகாப்பு வரலாறு பற்றிய சில அவதானிப்புகள்

1

தொழில்நுட்ப வரலாற்றினைக் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவும் வெற்றிகளின் நிரலாகவும் எழுதும் மரபு வலுவானது. கருவி ஒன்று எப்போது, எவரால் ஆக்கப்பட்டது என்னும் வினாவுக்கு அம்மரபு விரிவாக விடையளிக்கும். அக்கருவி எவ்வாறு பழுதுபட்டது, பழுதினை முதலில் அறிந்தோர் யாவர், அறிந்தோர் அதனை எவருக்குச் சொன்னார்கள், எவருக்குச் சொல்லாது விட்டார்கள் என்னும் வினாக்களை அது பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஆயின் உற்பத்திக் கருவிகளைச் சூழ்ந்துள்ள சமூக உறவுகள் இத்தகைய வினாக்களின் வழியாகவே துலக்கமாகத் தெரியவருகின்றன.

இக்கட்டுரை கணினித்துறையின் ஒரு சிறு கிளையை எடுத்துக்கொள்கின்றது. மென்பொருள்களிற் காணப்படும் பிழைகளைப் பதிந்து, பலர் அறியப் பகிர்ந்து, அவை திருத்தப்படும் வரை பின்தொடர்வதற்கென இணையவழியில் இயங்கும் பதிவேட்டு மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் பக்சில்லா மிகுந்த வரலாற்று முக்கியத்துவம் உடையது. பிறவற்றின் பிழைகளைப் பதியும் இம்மென்பொருளும் பிழையுடையதே. அப்பிழைகள் எத்தகையன, அவை எவ்வாறு திருத்தப்பட்டன, அத்திருத்தங்கள் எதனைத் தொட்டன, எதனைத் தொடாது விட்டன என்பவற்றை 1998 முதலாக ஆராய்வது எமது நோக்கமாகும். அப்பாச்சி, மைக்ரோசொஃப்ட், கூகிள் ஆகியவற்றின் பதிவேடுகளுக்கு நேர்ந்தவற்றையும் ஒப்புநோக்கிற்காக எடுத்துக்கொள்கின்றோம்.

இலக்கிய மாணவர்களுக்கு இப்பொருள் அந்நியமானதாகத் தோன்றலாம். ஆனால் பிழைப்பதிவேடு அடிப்படையில் ஓர் எழுத்தாவணம். பல கைகள் சேர்ந்து எழுதும் ஆவணம். ஒருவர் முறைப்பாடு எழுதுகின்றார். மற்றொருவர் அதனை மறுக்கின்றார். மூன்றாமவர் சான்று தருகின்றார். நான்காமவர் திருத்தத்தை இணைக்கின்றார். எவர் எழுதினார், எவர் திருத்தினார், எந்த அதிகாரத்தின் பேரில் திருத்தினார் என, ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஆராய்வோர் எழுப்பும் வினாக்கள் இங்கும் எழுகின்றன. தமிழில் பிழைத்தல் என்னும் வினை தவறுதலையும் உயிர்தப்பி வாழ்தலையும் சுட்டும். மென்பொருளைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. தன் பிழைகளுக்குக் கணக்கு வைத்திராத மென்பொருள் நெடுங்காலம் பிழைப்பதில்லை.

2

பக்சில்லாவின் தோற்றத்தை அதன் பொருளாதாரப் பகைப்புலத்திலிருந்து பிரித்து நோக்க முடியாது. 1990களின் நடுப்பகுதியில் இணைய உலாவிகளின் சந்தையில் நெற்ஸ்கேப் நிறுவனம் முதலிடம் வகித்தது. மைக்ரோசொஃப்ட் தன் உலாவியை வின்டோஸ் இயங்குதளத்துடன் இணைத்து இலவசமாக வழங்கத் தொடங்கியதும் அந்நிலை தளர்ந்தது. விலைக்கு விற்கப்பட்ட பண்டத்துக்கு எதிரே விலையற்ற பண்டத்தை நிறுத்தும் இவ்வுத்தி பெருமூலதனத்துக்கே இயலுவது. 1998 ஜனவரி 22 இல் நெற்ஸ்கேப் தானும் உலாவியை இலவசமாக்கியதோடு அதன் மூலநிரலையும் வெளியிடுவதாக அறிவித்தது. மார்ச் 31 இல் மூலநிரல் வெளியாயிற்று. மொசில்லா என்னும் திட்டம் இவ்வாறு தோன்றியதே. திறந்த மூலநிரல் இயக்கத்தின் வீரவரலாறாக இந்நிகழ்வு அடிக்கடி கூறப்படுவதுண்டு. சந்தைப் போட்டியிற் பின்தள்ளப்பட்ட நிறுவனமொன்று தன் சம்பளப் பட்டியலுக்கு வெளியேயுள்ள உழைப்பைத் திரட்ட முனைந்தமை அதன் மறுபக்கமாகும். இரண்டும் உண்மையே, ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்க இயலாது.

வெளியேயுள்ள உழைப்பைத் திரட்டுவதற்கு வெளியேயுள்ளோரும் எழுதக்கூடிய பதிவேடு வேண்டும். நெற்ஸ்கேப்பின் உள்ளகப் பதிவேடு ஊழியர்களுக்கு மாத்திரம் உரியதாக இருந்தது. அதன் இடத்தை நிரப்புவதற்கு டெரி வைஸ்மன் என்னும் நிரலாளர் 1998 இல் பக்சில்லாவை எழுதினார். முதலில் டிக்கிள் என்னும் நிரல்மொழியில் எழுதிய அவர், பொதுப் பயன்பாட்டுக்கு விடும்போது அதனைப் பேர்ள் மொழிக்கு மாற்றினார். பேர்ள் அறிந்தோர் அதிகம். ஆதலாற் பங்களிப்போரும் பெருகுவர் என்பதே அவரது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு வீண்போகவில்லை. லினக்ஸ் கருநிரலின் பணியாளர்களும் ரெட் ஹட் போன்ற நிறுவனங்களும் எண்ணற்ற சிறு திட்டங்களும் பின்னர் பக்சில்லாவைத் தமதாக்கிக்கொண்டன.

பக்சில்லாவில் ஒருவர் தேடும் பிழை எதுவும் அகப்படாதபோது, பூச்சியம் பிழைகள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் வேண்டுமென்றே எழுத்துப்பிழையுடன் "ஸாரோ பூக்ஸ்" எனத் திரையிற் தோன்றும். பிழை பதியப்படவில்லை என்பதும் பிழை இல்லை என்பதும் வெவ்வேறானவை என்பதை ஆக்கியோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அந்நகைச்சுவை சான்றாகும்.

ஆனால் இப்பொதுமைக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு விலக்கு தேவைப்பட்டது. உலாவியின் சாதாரண பிழையைப் பலர் அறிவது திருத்தத்துக்கு உதவும். பாதுகாப்புக் குறைபாட்டைப் பலர் அறிவதோ, திருத்தம் வரும் முன்னர், தாக்குவோருக்கும் உதவும். ஆகவே அத்தகைய பதிவுகளை ஒரு குறிப்பிட்ட குழுவினரும் முறையிட்டவரும் மாத்திரம் காணத்தக்கதாக மறைத்துவைத்து, திருத்தம் மக்களைச் சென்றடைந்த பின்னர் திறந்துவிடும் ஏற்பாட்டினை மொசில்லா மேற்கொண்டது. இவ்வேற்பாடு நியாயமானது, தவிர்க்கவும் இயலாதது. எனினும் அதன் விளைவு யாது? எவரும் எழுதலாம், எவரும் படிக்கலாம் என்னும் அடிப்படையில் எழுந்த பொதுக்கட்டடத்தின் நடுவே பூட்டிய அறை ஒன்று உருவாயிற்று. அவ்வறையில் உலகெங்கும் மக்கள் பயன்படுத்தும் உலாவியின் பலவீனங்கள் ஓரிடத்திற் சேர்த்து வைக்கப்பட்டன. பக்சில்லாவின் பாதுகாப்பு வரலாறு பெரிதும் இவ்வறையின் வரலாறே எனலாம்.

3

இணையவழி மென்பொருள்களின் குறைபாடுகளை விளங்கிக்கொள்வதற்கு ஓர் அடிப்படை உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். பயனர் தரும் தகவலும் கணினிக்கு எழுத்தாகவே வந்துசேர்கின்றது; கணினி நிறைவேற்றவேண்டிய கட்டளையும் எழுத்தாகவே அமைகின்றது. முன்னது பின்னதாக வாசிக்கப்படும் இடங்களிற் பல குறைபாடுகள் தோன்றுகின்றன. விண்ணப்பப் படிவத்திற் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் ஒருவர் ஓர் ஆணையை எழுதிவைக்க, அதனைக் கந்தோர் மேலிடத்து ஆணையெனக் கருதி நிறைவேற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

2001 இல் வெளிப்படுத்தப்பட்ட குறைபாடுகள் இவ்வகையின. பக்சில்லாவின் 2.10 ஆம் பதிப்பிற் பயனர்பெயரோடு சில சிறப்புக் குறியீடுகளைச் சேர்த்து அனுப்பினால், சேவையகம் அவற்றைத் தனக்கிடப்பட்ட கட்டளைகளாகக் கொண்டு இயக்கியது. அதே பதிப்பில், தரவுத்தளத்தின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்ட கோப்பினை எவரும் தம் உலாவியிற் கேட்டுப் பெறக்கூடியதாக இருந்தது. பயனர்களின் கடவுச்சொற்களும் தொடக்க காலத்தில் மறைக்குறியாக்கம் இன்றி உள்ளவாறே தரவுத்தளத்திற் கிடந்தன. இவை அடுத்து வந்த பதிப்புகளிற் திருத்தப்பட்டன.

இவற்றை நிரலாளரின் கவனக்குறைவு என்று கூறி அமைவது எளிது. எமது கருத்தில் இங்கே ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மதில்களுக்குள் ஒருவரையொருவர் அறிந்தோர் பயன்படுத்தும் பதிவேட்டின் இடத்தில் வைக்கப்பட்ட கருவி இது. அத்தகைய சூழலில் நம்பிக்கை என்பது வேலை ஒப்பந்தத்தினாலும் மேற்பார்வையினாலும் காக்கப்படுகின்றது. அதனை நிரலில் எழுதவேண்டிய தேவை எழுவதில்லை. மதில்கள் நீக்கப்பட்டு எவரும் நுழையலாம் என்றானபோது, முன்பு சமூக உறவு ஆற்றிவந்த பணியை நிரலே ஆற்றவேண்டியதாயிற்று. உற்பத்தியின் எல்லை விரிந்த வேகத்துக்கு அதன் காவல் ஈடுகொடுக்கவில்லை.

இணைப்புக் கோப்புகளின் சிக்கல் இன்னும் நுட்பமானது. உலாவியின் பிழையை முறையிடுபவர், அப்பிழையைத் தூண்டும் இணையப் பக்கமொன்றையே சான்றாக இணைப்பது வழக்கம். அதனைத் திறந்து பார்ப்பது திருத்துவோரின் கடமை. ஆனால் இணைக்கப்பட்ட பக்கத்தினுள் ஒரு சிறு நிரலும் ஒளிந்திருக்கலாம். பதிவேடும் இணைப்பும் ஒரே களப்பெயரிலிருந்து வழங்கப்படின், திறப்பவரின் உரிமைகளுடனேயே அந்நிரல் இயங்கும். இணைப்புகளை வேறொரு களப்பெயரிலிருந்து வழங்கும் வசதி இதற்குத் திருத்தமாக அமைந்தது. நோயை அறிவதற்கு நோய்க்கிருமியை ஏற்கவேண்டிய ஆய்வுகூடம், அதனைத் தனியறையில் வைக்கக் கற்றுக்கொண்டமை போன்றது இது.

4

பூட்டிய அறைக்குள் நுழையும் உரிமை எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது? பக்சில்லாவிற் குழுக்களை அமைக்கும்போது மின்னஞ்சல் முகவரியின் அமைப்பைக் கொண்டு உறுப்பினரைத் தானாகவே சேர்க்கும் வசதி உண்டு. முகவரியின் பின்பகுதி ஒரு நிறுவனத்தின் களப்பெயராக இருப்பின், அதனை உடையவர் அந்நிறுவனத்தின் ஊழியர் எனக் கொள்ளப்பட்டு, ஊழியர்க்குரிய உரிமைகள் வழங்கப்படும். ஒருவர் யார் என்பதை அவர் செய்த வேலையோ சக பணியாளரின் அறிமுகமோ தீர்மானிக்கவில்லை. நிறுவனத்தின் பெயரைத் தாங்கும் ஒரு பின்னொட்டே தீர்மானித்தது. பக்சில்லாவின் மிகக் கடுமையான இரு குறைபாடுகளும் இப்பின்னொட்டைப் பற்றியே எழுந்தன.

முதலாவது 2014 இல் செக் பொயின்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்களாற் கண்டுபிடிக்கப்பட்டது. கணக்குத் திறப்பவர் தம் முகவரியைத் தருவார். அம்முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தல் மடல் செல்லும். அதிலுள்ள இணைப்பின் வழியே வந்து தம் இயற்பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுவார். முகவரி அவருக்கே உரியது என்பது இவ்வாறு நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படும். பேர்ள் மொழியிலோ, படிவத்தின் ஒரு கட்டம் பலமுறை அனுப்பப்பட்டால், அதனைக் கேட்கும் கட்டளை சில சூழல்களில் ஒரு விடைக்குப் பதிலாக விடைகளின் பட்டியலைத் தரும். இயற்பெயர்க் கட்டத்தை மும்முறை நிரப்பி அனுப்பினால், முதல் விடை பெயராகவே நிற்க, இரண்டாவது விடை புதிய கட்டம் ஒன்றின் தலைப்பாகவும் மூன்றாவது அதன் உள்ளடக்கமாகவும் வாசிக்கப்பட்டன. அத்தலைப்பாகப் புகுபதிகைப் பெயரின் கட்டத்தையே குறித்தால், உறுதிசெய்யப்பட்ட முகவரி அழிந்து, தாக்குபவர் விரும்பிய எந்த முகவரியும் அவ்விடத்திற் பதியும். ஊழியர் அல்லாதவர் இவ்வாறு ஊழியராகலாம். 2014 ஒக்டோபர் 6 இற் திருத்தப் பதிப்புகள் வெளியாயின. கட்டத்துக்கு ஒரு விடையே கொள்ளப்படும் என வலியுறுத்தும் ஒரு சொல்லை நிரலில் உரிய இடங்களிற் சேர்த்தமையே திருத்தத்தின் சாரம்.

இரண்டாவது ஓராண்டுக்குள் வெளிப்பட்டது. 127 எழுத்துகளுக்கு மேற்பட்ட முகவரிகளைத் தரவுத்தளம் ஓசையின்றி வெட்டிவிட்டது. வெட்டப்படும் இடத்திலே நிறுவனத்தின் களப்பெயர் வந்து முடியுமாறு நீண்ட முகவரி ஒன்றை அமைத்தால், உறுதிப்படுத்தல் மடல் தாக்குபவரின் முழு முகவரிக்குச் செல்லும். கணக்கோ வெட்டுண்ட முகவரியிற் திறக்கப்படும். பெரிமீட்டர்எக்ஸ் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இதனை அறிவித்தார். 2015 செப்டெம்பர் 10 இல் 4.2.15, 4.4.10, 5.0.1 ஆகிய பதிப்புகள் இதனைத் திருத்தின. 127 எழுத்துகளுக்கு மேற்பட்ட முகவரிகள் அதன்பின் ஏற்கப்படவில்லை.

இவ்விரு குறைபாடுகளும் தொழில்நுட்ப வகையில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஒன்று நிரல்மொழியின் இயல்பிலிருந்தும் மற்றது தரவுத்தளத்தின் இயல்பிலிருந்தும் தோன்றின. அவை ஒரே பயனைத் தந்தமைக்குக் காரணம் வேறு. நிறுவன உடைமையைக் குறிக்கும் சொல்லையே அடையாளமாகவும் அதிகாரமாகவும் கொள்ளும் சமூக ஊகம் இரண்டுக்கும் பொதுவானது. திருத்தங்கள் இரு வாயில்களை அடைத்தன; ஊகத்தைத் தொடவில்லை. 2017 ஒக்டோபரில் அலெக்ஸ் பிர்சான் வெளியிட்ட கண்டுபிடிப்புகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. கூகிளின் உள்ளகப் பிழைப்பதிவேட்டை ஆராய்ந்த அவர், உறுதிசெய்யப்படாத கணக்கொன்றின் முகவரியை மாற்றுவதன் மூலம் கூகிள் நிறுவனத்தின் களப்பெயருடைய கணக்கைப் பெறக்கூடியதாக இருந்ததைக் காட்டினார். அதனால் பதிவேட்டின் கதவு திறக்கவில்லை. வேறொரு வழியே அதனைத் திறந்தது: அறிவித்தல் பெறுவோர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குமாறு கேட்கும் வேண்டுகோளுக்கு, கேட்பவரின் உரிமையைச் சோதியாது, அப்பதிவின் முழு விபரத்தையும் அது விடையாகத் தந்தது. அவர் கண்டறிந்த மூன்று குறைபாடுகளுக்காகக் கூகிள் அவருக்கு ஏறத்தாழ 15,600 அமெரிக்க டொலர் வழங்கியது. மொழி வேறு, நிறுவனம் வேறு, நிரல் வேறு. முகவரியின் பின்னொட்டு மாத்திரம் மீண்டும் அதே இடத்தில் நின்றது.

5

இதுவரை கூறியவை ஆய்வாளர்கள் கண்டறிந்து அறிவித்த குறைபாடுகள். உண்மையில் நிகழ்ந்த ஊடுருவல்களை நோக்கும்போது வேறொரு படிமம் கிடைக்கின்றது.

2010 ஏப்பிரல் 5 இல் அப்பாச்சி மென்பொருள் நிறுவகத்தின் ஜீரா பதிவேட்டில் ஒருவர் முறைப்பாடு பதிந்தார். சில திட்டங்களின் பக்கங்களைப் பார்ப்பதிற் சிரமம் உண்டெனக் கூறிய அம்முறைப்பாட்டிற் சுருக்கப்பட்ட இணைய முகவரி ஒன்றும் இருந்தது. அதனைத் திறந்த நிர்வாகிகளின் புகுபதிகை அடையாளங்கள் களவாடப்பட்டன. அதே வேளை, கடவுச்சொற்களை ஊகித்து ஆயிரக்கணக்கில் முயலும் தாக்குதலும் நடந்தது. ஏப்பிரல் 6 இல் நிர்வாகி உரிமை தாக்குவோர் கைக்குச் சென்றது. அவர்கள் இணைப்புக் கோப்புகள் சேரும் இடத்தை மாற்றி, தம் நிரலைச் சேவையகத்தில் இயக்கினர். ஏப்பிரல் 9 இற் புகுபதிகை செய்வோரின் கடவுச்சொற்களைச் சேகரிக்கும் நிரலை நிறுவினர். பின்னர் நிர்வாகக் குழுவினருக்குக் கடவுச்சொல் மீளமைப்பு மடல்களை அனுப்பினர். ஜீராவிலே ஏதோ பழுது என எண்ணிய குழுவினர் தற்காலிகக் கடவுச்சொல்லால் நுழைந்து, தம் வழமையான கடவுச்சொற்களையே மீண்டும் இட்டனர். அவற்றுள் ஒன்று சேவையகத்தின் முழு நிர்வாக உரிமையுடைய கணக்குக்கும் உரியதாக இருந்தது.

இங்கே தாக்கப்பட்டது பணியாளரின் பொறுப்புணர்ச்சியே. முறைப்பாட்டைப் படிப்பதும் சான்றைத் திறப்பதும் பழுதைச் சரிசெய்ய முனைவதும் அவர்களது அன்றாட வேலை. ஏனைய சேவையகங்களில் ஒருமுறை மாத்திரம் செல்லுபடியாகும் கடவுச்சொற்கள் நடைமுறையில் இருந்தமையாற் சேதம் மட்டுப்பட்டது. குறிப்பிடத்தக்கது யாதெனில், ஏப்பிரல் 13 இல் அப்பாச்சி நிறுவகம் நிகழ்ந்தவற்றை நாள்வாரியாக விபரித்து, எவை கைகொடுத்தன, எவை கைவிட்டன என்பவற்றையும் பட்டியலிட்டு வெளியிட்டமையாகும்.

மொசில்லாவின் அனுபவம் இதனிலும் பாரியது. மேலே கூறிய 127 எழுத்துக் குறைபாடு திருத்தப்படுவதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர், 2015 செப்டெம்பர் 4 இல், தன் பக்சில்லாவின் மறைக்கப்பட்ட பதிவுகள் களவாடப்பட்டதை மொசில்லா அறிவித்தது. சிறப்புரிமை பெற்ற பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருந்தார். அத்தளம் ஊடுருவப்பட்டபோது அக்கடவுச்சொல் வெளிச்சென்றது. பின்னொட்டும் பேர்ளின் பட்டியலும் இங்கே தேவைப்படவில்லை. உறுதிசெய்யப்பட்ட ஊடுருவல் 2014 செப்டெம்பர் வரை பின்செல்கின்றது. 2013 செப்டெம்பரிலேயே தொடங்கியிருக்கலாம் என்பதற்கும் அறிகுறிகள் இருந்தன.

மொசில்லா தந்த கணக்கு நுணுகி நோக்கத்தக்கது. பார்க்கப்பட்ட மறைபதிவுகள் 185. அவற்றுள் 110 பாதுகாப்புக்குப் புறம்பான காரணங்களுக்காக மறைக்கப்பட்டவை, 22 சிறு பாதுகாப்புப் பிழைகள், 53 கடுமையானவை. இந்த 53 இல் 43, தாக்கியவர் அறிந்த வேளையில் உலாவியில் ஏலவே திருத்தப்பட்டிருந்தன. எஞ்சிய 10 இல் இரண்டு ஏழு நாள்களுக்குள்ளும் ஐந்து 7 முதல் 36 நாள்களுக்குள்ளும் திருத்தப்பட்டன. மூன்று முறையே 131, 157, 335 நாள்கள் திறந்து கிடந்தன. தாக்குதலுக்குப் பயன்பட்டதென அறியப்பட்டது ஒன்று. ரஷ்யச் செய்தித்தளம் ஒன்றில் இடம்பெற்ற விளம்பரத்தின் வழியே, அத்தளத்தைப் படித்தோரின் கணினிகளிலிருந்து கோப்புகள் கவரப்பட்டன. 2015 ஓகஸ்ட் 6 இல் அக்குறைபாடும், ஓகஸ்ட் 27 இல் வெளியான பதிப்பினால் ஏனைய யாவும் திருத்தப்பட்டன. சிறப்புரிமை உடையோர் அனைவரும் கடவுச்சொல்லை மாற்றவும் இரட்டை உறுதிப்படுத்தலைப் பயன்படுத்தவும் பணிக்கப்பட்டனர். உரிமை பெற்றோரின் தொகையும் அவர்கள் செய்யக்கூடியவையும் குறைக்கப்பட்டன.

இக்கணக்கு நமக்குக் கூறுவது யாது? அறையின் இரகசியம் உடைந்தபோது பயனர்களைக் காத்தது பூட்டு அன்று. 43 பிழைகளை முன்னரே திருத்தி வைத்த உழைப்பே. 335 நாள்கள் திறந்திருந்த பிழையைப் பொறுத்தவரை, இரகசியம் அதனை அறியாதிருக்கச் செய்தது பயனரையே, தாக்குபவரை அன்று.

இதற்கு எதிர்மாறான உதாரணம் மைக்ரோசொஃப்ட். அந்நிறுவனத்தின் உள்ளகப் பிழைப்பதிவேடு 2013 இன் தொடக்கத்திலேயே ஊடுருவப்பட்டிருந்ததை, முன்னாள் ஊழியர் ஐவரின் கூற்றுகளை ஆதாரமாகக் கொண்டு ரொய்ட்டர் செய்திச் சேவை 2017 ஒக்டோபரில் வெளியிட்டது. வின்டோஸ் உட்படப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களின் திருத்தப்படாத கடுங்குறைபாடுகள் அப்பதிவேட்டில் இருந்தன. ஊடுருவல் நடந்ததைப் பொதுப்படையாக 2013 பெப்ரவரியில் ஒப்புக்கொண்ட நிறுவனம், பதிவேடு பற்றி எதுவும் கூறவில்லை. குறைபாடுகள் சில மாதங்களிற் திருத்தப்பட்டன எனவும், களவாடப்பட்டவை வேறு தாக்குதல்களிற் பயன்பட்டமைக்குச் சான்றில்லை என நிறுவனம் முடிவுசெய்தது எனவும், அம்முடிவுக்கு அடிப்படையான தரவுகள் போதா என ஊழியர் சிலர் கருதினர் எனவும் அச்செய்தி கூறியது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, அவ்வியங்குதளத்தில் தங்கியிருந்த மருத்துவமனைகளும் அரச அலுவலகங்களும் தனிமனிதரும் தமக்குரிய ஓர் உண்மையை அறியாதிருந்தனர்.

இரு நிறுவனங்களின் ஒழுக்கத் தராதரத்தை ஒப்பிடுவதோடு அமைந்துவிடின் ஆய்வு முற்றுப்பெறாது. மொசில்லாவின் உலாவி பெருமளவு ஊதியமற்ற பங்களிப்பையும் பயனரின் நம்பிக்கையையும் ஆதாரமாகக் கொண்டது. அந்நம்பிக்கை அதன் உற்பத்திச் சாதனம் என்றே கூறலாம். கணக்குக் காட்டாது அதனைக் காப்பாற்ற முடியாது. விற்பனை உரிமத்தினாலும் சந்தை ஆதிக்கத்தினாலும் நிலைபெறும் நிறுவனத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வெளிப்படைத்தன்மை இவ்வகையில் உற்பத்தி உறவொன்றின் விளைவாகும்.

6

எனினும் திறந்த மூலநிரலைப் போற்றுவோர் கூறுவதுபோல், நிரல் யாவர்க்கும் திறந்திருத்தல் தானாகவே பாதுகாப்பைத் தருமா? போதிய கண்கள் பார்த்தாற் பிழைகள் மறையா என்னும் கருத்தினை எரிக் ரேமண்ட் 1997 இல் முன்வைத்தார். 2014 இல் வெளிப்பட்ட பக்சில்லாக் குறைபாடு இக்கருத்தினை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. 2006 இல் வெளியான வளர்ச்சிநிலைப் பதிப்பு ஒன்றிலிருந்தே அது நிரலில் இருந்துவந்தது. எட்டு ஆண்டுகள் எவரும் படிக்கக்கூடியதாக இருந்த வரிகளை, அவ்வெட்டு ஆண்டுகளும் எவரும் அந்நோக்கிற் படிக்கவில்லை. படிப்பதற்கு உரிமை உண்டு என்பது வேறு. படிப்பதற்கு உழைப்பு நேரம் ஒதுக்கப்படுகின்றது என்பது வேறு. கண்களுக்கும் கூலி வேண்டும்.

அக்கூலியை இன்று யார் கொடுக்கின்றனர்? 2014, 2015 குறைபாடுகளைக் கண்டறிந்தோர் பாதுகாப்பை விற்கும் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். மற்றொரு வழி பரிசுத்தொகை. நெற்ஸ்கேப் 1995 இலேயே இதனைத் தொடங்கியது; மொசில்லா 2004 இற் கடுங்குறைபாடு ஒன்றுக்கு 500 டொலர் அறிவித்து, 2010 இல் அதனை 3,000 ஆக உயர்த்தியது. பிழை பற்றிய அறிவு இவ்வாறு பண்டமாகின்றது. அது விசித்திரமான பண்டம். பிறர் அறியாதவரையே அதற்குச் சந்தையில் விலை. பொதுவுடைமையானதும் விலை மறைகின்றது. ஆனால் அதன் சமூகப் பயன், அதாவது திருத்தம், அது பொதுவான பின்னரே முழுமையுறுகின்றது. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாடு இத்துணை அப்பட்டமாக வெளிப்படும் பண்டங்கள் சிலவே.

கண்டறிதலுக்குக் கிடைக்கும் கவனம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பதும் கருதற்பாலது. பக்சில்லாவின் 5.0.6 ஆம் பதிப்பு 2019 பெப்ரவரியில் வெளியாயிற்று, 5.2 ஆம் பதிப்பு 2024 செப்டெம்பரிலேயே வந்தது. பெருநிறுவனங்கள் பல தம் வேலைக்குப் பயன்படுத்திய கருவியின் பொதுப் பதிப்பு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஒரு சிலரின் ஓய்வுநேர உழைப்பை நம்பிக் கிடந்தது. பயன் சமூகமயமாயிற்று, பராமரிப்பு ஆகவில்லை. பாதுகாப்புக் குறைபாட்டின் ஊற்றுகளுள் இது முதன்மையானது என நாம் கருதுகின்றோம். ஏனெனிற் திருத்தம் என்பது எழுதி முடித்த வரியன்று. அவ்வரி ஒவ்வொரு சேவையகத்தையும் சென்றடையும் வரை தொடரும் உழைப்பாகும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில பொதுமுடிபுகளுக்கு வரலாம்.

முதலாவது: பிழைப்பதிவேட்டின் பாதுகாப்புக் குறைபாடுகள் தற்செயலான தவறுகளின் தொகுதி அல்ல. நிறுவன மதில்களுக்குள் நிலவிய நம்பிக்கை பொதுவெளிக்குப் பெயர்க்கப்பட்டமையும், நிறுவன உடைமையின் பெயரே அடையாளமாகக் கொள்ளப்பட்டமையும், பலவீனங்கள் யாவும் ஓரிடத்திற் குவிக்கப்பட்டமையும் அவற்றுக்கு வடிவம் கொடுத்தன. நிரலை மாத்திரம் நோக்கும் திருத்தம் அடுத்த குறைபாடு தோன்றும் வரையே போதுமானது.

இரண்டாவது: இரகசியத்தை முற்றாக மறுப்பதும் முற்றாக ஏற்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாதவை. திருத்தம் ஆயத்தமாகும் வரை காக்கப்படும் இரகசியம் பயனர்க்கு உதவும். காலவரையறையும் கணக்குக் கூறும் கடப்பாடும் இல்லாத இரகசியமோ நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் கருவியாக மாறிவிடுகின்றது. இவ்விரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றே. எவருடைய நலனுக்காக, எத்தனை நாள்களுக்கு என்னும் வினாக்களே அவற்றை வேறுபடுத்தும்.

மூன்றாவது: திறந்திருத்தல் ஒரு நிபந்தனை, அதுவே உழைப்பாகிவிடாது. பொதுவான கருவியைப் படித்து, பழுதறிந்து, திருத்திப் பேணுவோரின் வாழ்க்கைக்கு அக்கருவியாற் பயன்பெறுவோர் பொறுப்பேற்காத வரை, பொதுமை என்பது பிறருடைய ஊதியமற்ற நேரத்தின் மறுபெயராகவே இருக்கும்.

தன் பிழைகளைத் தானே எழுதிவைக்கும் ஏற்பாட்டினை மென்பொருள் உற்பத்தி உருவாக்கியமை மனித உழைப்பின் வரலாற்றில் முன்னேற்றமான ஒரு செயல் என்பதில் ஐயமில்லை. அப்பதிவேட்டைப் படிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்பது நிரலாளர் தனித்துத் தீர்க்கக்கூடிய வினாவன்று. அப்பிழைகளின் விளைவுகளை அனுபவிக்க நேர்வோர், தமக்கு நேர்ந்ததை அறியும் உரிமையைக் கோரிப் பெறும்போதே அதற்கு விடை கிடைக்கும்.